தங்கள் குமாரர் காட்டிய தலைகீழ் அருவி குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலம் என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போவதுதான் முறை. ஆனால் இடது கணுக்கால் பூசணிக்காய் போல வீங்கி, தலையணை மேல் தனி ஆள் மாதிரி படுத்திருக்கும்போது அப்படி எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. எனவே, கணுக்கால் நீங்கலாக நலம். தாங்களும், தங்கள் வீட்டு அம்மாவும், கண்ணாடிக்கடையும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நலமாயிருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரை தாங்கள் படித்தே ஆக வேண்டும். ஏனென்றால் எனக்கு நேர்ந்த அத்தனைக்கும் மூலகாரணம் தாங்கள்தான்.

மறந்திருக்க மாட்டீர்கள். போன மாதம் கண் பரிசோதனைக்கு வந்த என்னைத் தங்கள் கடையின் உயரமான நாற்காலியில் ஏற்றி, மூக்கின் மேல் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒரு கண்ணை அடைத்திருந்த நேரமாகப் பார்த்துத்தான் ஆரம்பித்தீர்கள். "சம்பந்தி, உங்க மாப்பிள்ளை பண்ற கூத்தைக் கேட்டீங்களா? இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை உதறிட்டு, மலையில கூடாரம் போட்டு, வர்றவங்களை அருவி பார்க்கக் கூட்டிட்டுப் போறானாம். நான் பேச்சையே நிறுத்திட்டேன். நீங்க போய்ச் சொல்லுங்க, நீங்க சொன்னா கேட்பான்" என்றீர்கள். ஒரு கண் அடைபட்ட மனிதன் கொடுக்கும் வாக்கு செல்லாது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். "ஆட்டாதீங்க, பவர் மாறிடும்" என்றீர்கள். என் தலைவிதி மாறியது அந்த இடத்தில்தான்.

மகளுக்குப் போன் செய்து, மாப்பிள்ளையிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றேன். "அவர் கீழே வர்றதே இல்லைப்பா. நீங்களும் அம்மாவும் முகாமுக்கு வாங்க. ரெண்டு நாள் தங்கலாம், பேசவும் பேசலாம்" என்றாள். சரி, மரத்தடியில் நாற்காலி போட்டுப் பேசுவோம் என்று நினைத்துப் போனேன். போய்ப் பார்த்தால் நாற்காலியும் இல்லை, மரமும் இல்லை. ஒரு புல்வெளியின் ஓரத்தில் பச்சையாக ஐந்தாறு கூடாரங்கள், பெரிய தவளைகள் மழைக்கு உட்கார்ந்திருப்பது போல. அதில் ஒன்றைக் காட்டி, "மாமா, இது உங்களுக்கு" என்கிறார் தங்கள் குமாரர், ஏதோ மாளிகையை எழுதி வைப்பது போல. அதற்குள் நிற்க முடியாது, உட்கார்ந்தால் தலை இடிக்கும், படுத்தால் ஒரு பக்கம் சரியும். காலையில் வெளியே வர எழுந்தால் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இந்த வயதில், பேரன் பேத்தி பார்க்க வேண்டிய காலத்தில், நானே பிறப்பது போலத் தலையை முதலில் வெளியே விட்டு, ஒரு தோளை நுழைத்து, மறு தோளுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போது நேர் எதிரே டீக் கோப்பையுடன் ஒருவர் நின்று, "குட்மார்னிங் சார்" என்றார். பல் டாக்டராம். இதற்கென்றே காசு கொடுத்து வந்திருக்கிறாராம். தலை வெளியேயும் உடம்பு உள்ளேயுமாக நான் பதில் வணக்கம் சொன்னேன். என் மரியாதை எவ்வளவு உயரத்திலிருந்து எவ்வளவு தூரம் இறங்கியது பாருங்கள்.

டீ குடிக்கும்போது பேச்சை எடுக்கலாம் என்று தொண்டையைச் செருமினேன். செருமியதுமே தங்கள் குமாரர் எழுந்து, "மாமா, இன்னைக்கு அருவிக்குப் போறோம். சின்ன நடைதான்" என்றார். "எல்லா அருவியும் மேலேர்ந்து கீழே விழும். இது கீழேர்ந்து மேல போகும்." நான் சிரித்தேன். நகரத்தின் நீரேற்று நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து தலை நரைத்தவன் நான். தண்ணீரை ஒரு மாடி ஏற்ற என்ன பாடு, எத்தனை மோட்டார், எத்தனை வால்வு, கரண்ட் போனால் எத்தனை பேருடைய ஏச்சு என்பது எனக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? தண்ணீர் தானாக மேலே ஏறுமென்றால் இத்தனை வருடம் எனக்கு எதற்குச் சம்பளம் கொடுத்தார்கள்? இதைத்தான் கேட்டேன். மகள் குறுக்கே புகுந்து, "அப்பா, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா கூடாரத்திலேயே இருங்க" என்றாள். அந்தக் கூடாரத்திலா! குடையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினேன்.

சம்பந்தி, புத்தி சொல்ல ஆட்களை அனுப்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒற்றையடிப் பாதையில் புத்தி சொல்ல முடியாது. முன்னால் போகிறவனின் முதுகுக்குத்தான் சொல்ல வேண்டும். முதுகு எதைக் கேட்டு நடந்திருக்கிறது? அதிலும் ஏறும்போது எனக்கு மூச்சு இல்லை. "மாப்பிள்ளை... உங்க..." என்று ஒரு வளைவில் ஆரம்பித்தால் "அப்பா" என்று முடிப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடுகிறது. ஒரு பாறையருகே எல்லோரும் நின்றார்கள். விடக்கூடாது என்று அவர் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "உங்க அப்பா ரொம்ப மனசு வருத்தத்துல இருக்கார்" என்றேன். அவர் முகம் மாறியது. என்னையே உற்றுப் பார்த்தார். சரி, தைத்துவிட்டது என்று நினைத்தேன். "அசையாதீங்க மாமா" என்றார். என் கெண்டைக்காலில் ஒரு அட்டை, நான் பிறந்ததிலிருந்து எனக்காகவே காத்திருந்தது போல ஒட்டிக்கொண்டு உறிஞ்சுகிறது. உப்பைத் தூவி அதை எடுத்தார்கள். தங்கள் மன வருத்தமும் அதோடு சேர்ந்து உதிர்ந்துவிட்டது.

என் வயிறு எரிந்த இன்னொரு விஷயம், உங்கள் சம்பந்தியம்மாவான என் மனைவியின் முட்டி. எங்கள் வீடு இரண்டாவது மாடி. மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்க வேண்டுமென்றால், "என் முட்டி எனக்கு எமன், நீங்க போயிட்டு வாங்க" என்று என்னை அனுப்புவாள். அந்த முட்டிக்காக நான் ஏறாத ஆஸ்பத்திரி இல்லை, தேய்க்காத தைலம் இல்லை. அதே முட்டி, சம்பந்தி, அதே இரண்டு முட்டிகள், அன்றைக்கு மலையாடு போல ஏறின. மேலே ஒரு கல்லில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "என்னங்க, இன்னும் அங்கேயே நிக்கறீங்க?" என்று கேட்டாள். "முட்டி வலிக்கலையா?" என்றேன். "ஏன், உங்களுக்கு வலிக்குதா?" என்றாள். மொட்டை மாடி விவகாரத்தை வீட்டில் தனியாக விசாரித்துக்கொள்வேன்.

பல் டாக்டரையாவது என் பக்கம் இழுக்கலாம் என்று பார்த்தேன். "டாக்டர், இந்தப் பையன் எப்பேர்ப்பட்ட ஆபீஸ்ல இருந்தார் தெரியுமா? ஏசி ரூம், சுத்துற நாற்காலி..." என்று அடுக்கினேன். அந்த மனிதர் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "என்கிட்டயும் சுத்துற நாற்காலி இருக்கு சார். அதுல உட்கார்ந்து ஊரார் வாய்க்குள்ளயே பார்த்துப் பார்த்து, வானம்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு" என்று சொல்லி, அண்ணாந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பைத்தியம் தொற்றுநோய் என்று அப்போதுதான் புரிந்தது.

அருவிக்கு வந்து சேர்ந்தோம். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. செங்குத்தான பாறைச்சுவர். அதன் விளிம்பில் ஒரு ஓடை வந்து குதிக்கிறது. குதித்த தண்ணீர் மரியாதையாகக் கீழே போக வேண்டுமா இல்லையா? போகவில்லை. பாதி வழியில் என்னவோ மறந்துவிட்டு வந்தது போல அப்படியே திரும்பி, வெள்ளைப் புகையாக, வால் விசிறி விசிறி மேலே ஏறுகிறது. ஏறி, வந்த மலை மேலேயே மறுபடி பெய்கிறது. "பள்ளத்தாக்கு இங்க குறுகுது மாமா. காத்து மொத்தமா புனல்ல வர்ற மாதிரி வந்து தண்ணியைத் தூக்கிடுது" என்றார் தங்கள் குமாரர். நீர்வீழ்ச்சி என்று பெயர் வைத்தார்களே, வீழ வேண்டாமா? இது நீரெழுச்சி! சட்டதிட்டம் என்று ஒன்று உலகத்தில் இல்லையா? அதற்குள் சாரல் வந்தது. குடையைப் பிரித்தேன். சம்பந்தி, தங்கள் அனுபவத்தில் கேட்கிறேன், கீழிருந்து மேலே பெய்கிற மழைக்குக் குடையை எந்தப் பக்கம் பிடிப்பது? தலைக்கு மேல் பிடித்தால் மழை குடைக்குள் பெய்கிறது. காலுக்குக் கீழே பிடிக்கலாமா என்று குனிந்த நேரத்தில் காற்று குடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கீழே விழுந்திருந்தால் எடுத்து வந்திருப்பேன். அதுவும் மேலே போனது. பல் டாக்டர் கை தட்டினார். என் மனைவி, எங்களுக்குக் கல்யாணம் ஆன புதிதில் சிரித்தாளே, அப்படிச் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. குடையைப் பற்றி இருக்கிறது.

இதற்குப் பிறகு நான் சும்மா இருக்க முடியுமா? எங்கேயோ மோட்டார் இருக்கிறது, வருகிறவர்களை ஏமாற்றக் குழாய் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று என் அனுபவம் சொல்லியது. தங்கள் குமாரர் ஒரு கயிறு கட்டி, "இதைத் தாண்டி யாரும் போகாதீங்க" என்று சொல்லியிருந்தார். அது வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது, மாமனாருக்கு அல்ல என்று எடுத்துக்கொண்டு, எல்லோரும் ரொட்டி தின்றுகொண்டிருந்த நேரத்தில் கயிற்றுக்கு அடியில் நுழைந்து, பாறைச்சுவரை ஒட்டிய விளிம்பில் நடந்தேன். மோட்டார் இல்லை. குழாய் இல்லை. பாசி இருந்தது. வழுக்கி, ஓர் ஆள் உயரம் கீழே இருந்த ஒரு திட்டில் போய் விழுந்தேன். இடது கால் இரண்டு கல்லுக்கு நடுவில் ஆப்பு அடித்தது போல மாட்டிக்கொண்டது. எனக்கு இந்தப் பக்கம் மலை, அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. கத்தினேன். என் குரலையும் அந்தக் காற்று மேலே கொண்டுபோய்விட்டது. யாரும் வரவில்லை. அந்த நேரத்தில் என் மனைவியின் முகம்தான் வந்தது. அவள் முட்டிக்கு இனி யார் தைலம் வாங்கித் தருவார் என்று தோன்றியது. அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

தங்கள் குமாரர் வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், நானும் பதிலுக்குத் தயாராக இருந்தேன். அவரோ கயிற்றை மேலே பாறையில் கட்டிவிட்டு இறங்கி வந்து, என் இடுப்பில் மறுமுனையைச் சுற்றி, கால் அருகே மண்டியிட்டு உட்கார்ந்தார். விளிம்பில் இருந்த புல்லை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். "மாமா, காத்து கொஞ்சம் தளர்ற மாதிரி இருக்கு. காத்து நின்னா, மேல தூக்கி வச்சிருக்கற தண்ணி அத்தனையும் நேரா இந்தத் திட்டு மேலதான் விழும். அதுக்குள்ள நாம கிளம்பிடலாம். பயப்படாதீங்க" என்றார். பயப்படாதீர்கள் என்று சொல்வதற்கு முன்னால் சொல்லக்கூடிய வாக்கியமா அது?

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இரண்டு நாளாக நான் தேடிய தனிமை எங்களுக்கு அங்கேதான் கிடைத்தது. இதை விட்டால் வாய்க்காது, இந்த ஜென்மத்திலேயே வாய்க்காமல் போகலாம் என்று நினைத்து ஆரம்பித்தேன். "மாப்பிள்ளை, உங்க அப்பா சொல்லி அனுப்பினார்."

"சொல்லுங்க மாமா, கேட்டுட்டுதான் இருக்கேன். கட்டைவிரலை உள்ள மடக்குங்க."

"நல்ல வேலையை விட்டது தப்புன்னு சொன்னார்."

"சரி. குதிகாலை லேசா தூக்குங்க. இன்னும் கொஞ்சம்."

"நாலு பேர் கேட்டா பதில் சொல்ல முடியலையாம். ஐயோ, வலிக்குது!"

"தெரியும் மாமா, வலிக்கும்" என்றவர், என் காலைப் பிடித்த கையை எடுக்காமல், நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்: "அப்பா உங்ககிட்ட பேசும்போது என்ன சொன்னார்? 'என் பையன்'னு சொன்னாரா, 'உங்க மாப்பிள்ளை'ன்னு சொன்னாரா?"

தாங்கள் சொன்னது 'உங்க மாப்பிள்ளை'. அரை மணி நேரத்தில் ஒரு தடவை கூட வாய் தவறியும் 'என் பையன்' என்று தாங்கள் சொல்லவில்லை. ஒரு கண் அடைபட்டிருந்தாலும் எனக்குக் காது இரண்டும் திறந்துதான் இருந்தன. சம்பந்தி, காலைக் கல்லிடுக்கில் விட்டுக்கொண்டு, தலைக்கு மேல் ஒரு அருவி காத்திருக்க, "என் பையன்னுதான் சொன்னார் மாப்பிள்ளை, வார்த்தைக்கு வார்த்தை என் பையன், என் பையன்னுதான்" என்று சொன்னேன். பொய்! வேலையில் இருந்த காலத்தில் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டவர்களிடம் கூட நான் பொய் சொன்னதில்லை. அந்த இடத்தில் என்னைப் பொய் சொல்ல வைத்தது தாங்கள். ஊருக்கெல்லாம் தூரப்பார்வை சரி செய்து அனுப்புகிறீர்களே, தங்களுக்கு ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூடாதா?

அவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். சாரல்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் என் காலை ஒரு திருகு திருகினார். நான் அலறிய அலறல் காற்றையும் மீறிக் கேட்டிருக்கும். கால் வெளியே வந்தது. என்னை முன்னால் ஏற்றி, பின்னாலிருந்து தோளால் முட்டுக் கொடுத்துத் தள்ளி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்து போட்டார். நாங்கள் திரும்பிப் பார்க்கவும் காற்று நிற்கவும் சரியாக இருந்தது. அவ்வளவு நேரம் ஏறிக்கொண்டிருந்த அந்த வெள்ளைப் புகை ஒரு கணம் அந்தரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. பிறகு மொத்தமாக இறங்கியது. ஏரி உடைந்த சத்தம். நான் உட்கார்ந்திருந்த திட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. என் மனைவி ஓடி வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. மகள், "அப்பாவை ஏன் தனியா விட்டீங்க?" என்று புருஷனைப் பிடித்து உலுக்கினாள். "என் தப்புதான்" என்றார் அவர். கயிற்றைத் தாண்டியது யார் என்று வாயைத் திறக்கவில்லை. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இப்படி விட்டுக்கொடுக்கிறவர் தொழில் செய்து எப்படிப் பிழைப்பார்?

இறங்கும்போது கால் ஊன்ற முடியாமல் அவர் முதுகில் வந்தேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒருவர் முதுகில் மூட்டையாகத் தொங்கிக்கொண்டு அவருடைய எதிர்காலத்தைப் பற்றி அவருக்கே புத்தி சொல்வது எந்த நியாயத்திலும் சேராது. ஆகவே வழி முழுக்க வாயை மூடிக்கொண்டு வந்தேன். பல் டாக்டர் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோ தங்கள் கண்ணில் பட்டால் அதில் இருப்பது நான் இல்லை.

ஆகவே, தாங்கள் கேட்டுக்கொண்டபடி நேரில் போய்ப் பார்த்து வந்தவன் என்ற முறையில் என் தீர்மானமான அபிப்பிராயம் இது. அந்தத் தொழில் மனிதர்களுக்கு ஆகாது. அந்த அருவி ஒழுக்கம் கெட்டது. தங்கள் குமாரர் உடனே இன்ஷூரன்ஸ் அலுவலகத்துக்குத் திரும்பிப் போக வேண்டும், அதைத் தாங்களே நேரில் கண்டித்துச் சொல்ல வேண்டும். என் ஆயுளில் இனி ஒரு கூடாரத்துக்குள் தலையை நுழைக்க மாட்டேன். அருவி பார்க்கத் தோன்றினால் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் பார்த்துக்கொள்வேன். அது கீழேதான் விழும்.

தங்கள் இல்லத்து அம்மாவுக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் கடை வாசலில் கூட்டம் குறையாதிருக்கவும், தங்கள் கோபம் மட்டும் குறையவும் வேண்டிக்கொள்ளும்,

வீங்கிய காலுடன்,
தங்கள் சம்பந்தி

பி.கு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் மாப்பிள்ளை மலையிலிருந்து இறங்கி வந்து கால் கட்டை மாற்றிவிட்டுப் போனார். மேலே எழுதிய சம்பவமெல்லாம் நிஜம்; அபிப்பிராயத்தை மட்டும் கோபத்தில் எழுதியது என்று தள்ளிவிடவும். கால் ஊன்ற முடிந்ததும் நாங்கள் மறுபடி போகிறோம். உங்கள் சம்பந்தியம்மா இப்போதே பையைக் கட்டி வைத்துவிட்டாள். தாங்களும் வருவதாக, தங்களைக் கேட்காமலேயே, நான் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் கட்டுத்துணியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்பா இப்பவும் குறட்டை விடறாரா மாமா? தனிக் கூடாரம் போடணுமா, இல்ல என் கூடாரத்துலயே படுத்துப்பாரா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? பதிலை எனக்கு எழுத வேண்டாம். அவருக்கே எழுதுங்கள்.